பின் அடித்த பக்கங்கள்

ஜூலை 14, திங்கள்
காலையில் தூறல். மாடித் துணி நனைந்து மறுபடி அலசல். பிரஷர் மாத்திரை தீரப்போகிறது.

பள்ளித் தாளாளர் ஃபாதர் போன். வியாழன் நிர்வாகக் குழுக் கூட்டம். பழைய விலங்கியல் டீச்சர் என்பதால் நானும் உறுப்பினர். இப்போது பிளஸ் டூ எடுக்கும் மும்தாஜ் மீது புகார்: பரிணாமப் பாடத்தை வரி விடாமல் நடத்திவிட்டாளாம். தற்காலிக வேலை. வைப்பதா அனுப்புவதா, அன்றே முடிவு.

"நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்கம்மா."

கேட்பார்கள். தெரியும்.

15, செவ்வாய்
மும்தாஜ் வந்தாள். சேலை மடிப்பு நேர்த்தி. சிபாரிசு கேட்கவில்லை, பிடித்தது.

"எங்க அத்தாவும் திட்டுறாரு மிஸ். புத்தகத்துல இருக்கு, நடத்துறேன்னுட்டேன். உங்க காலத்துல எப்படி நடத்துனீங்க?"

காபி ஆறுகிறது என்று உள்ளே போய்விட்டேன்.

நடத்தவே இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் அந்தப் பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்கச் சொல்வேன். பரீட்சைக்கு வராது என்பேன். கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லி அல்ல, நானாகவே. ஒருமுறை ஒரு பெற்றோர் வந்து கத்தினார். பயம். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவரிடம்கூடச் சொன்னதில்லை.

17, வியாழன்
கூட்டம். பெற்றோர் சார்பில் கைலாசபுரம் செல்வின்: "பைபிள்ல ஆறு நாள். இந்த மிஸ் கோடி வருஷம்ங்கிறாங்க. படைப்பையும் சேத்து நடத்தட்டும், இல்ல பாடத்தை விட்டுடட்டும். முன்னாடி விட்டாங்கல்ல?"

இன்னொரு உறுப்பினர், ஸ்ரீரங்கத்துப் பார்த்தசாரதி: "எங்காத்துல பிரச்னையே இல்ல சார். தசாவதாரத்துல மத்ஸ்யம், கூர்மம், வராஹம்... வரிசை சரியாத்தானே இருக்கு!"

சிரிப்பு. செல்வின் மட்டும் சிரிக்கவில்லை.

எழுந்தேன். "விட்டது நான்தான்." பின் அடித்ததை முழுதும் சொன்னேன். "கடவுளைக் காப்பாத்துறதா நெனச்சேன். என்னைத்தான் காப்பாத்திக்கிட்டேன். படைப்பை ஞாயிறு மறைக்கல்வி வகுப்புல சொல்லுங்க, நானே வரேன். இது விலங்கியல். அந்தப் பொண்ணு செஞ்சதுதான் சரி."

செல்வின் புகார்த் தாளை மடித்தார். பிறகு: "எங்க அக்கா புக்லயும் அந்தப் பின் இருந்துச்சு மிஸ். சாத்தான் பாடம், பிரிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லி வெச்சிருந்தாங்க."

உட்கார்ந்துவிட்டேன். பார்த்தசாரதி தண்ணீர் ஊற்றித் தந்தார்.

முடிவு: மும்தாஜ் இருப்பாள். பாடமும். செல்வினும் கையெழுத்திட்டார். போகும்போது என்னை ஆட்டோ வரை கொண்டுவந்து விட்டார். அதுவே பெரிது.

18, வெள்ளி
வெயில். மாத்திரை வாங்கியாயிற்று. மும்தாஜுக்குப் போன்: ஞாயிறு வா, அந்தப் பாடத்தை எனக்கு நடத்து.
"விளையாடாதீங்க மிஸ்!"
விளையாட்டில்லை என்றேன்.

20, ஞாயிறு
சர்ச் பூசையில் வேண்டுதல் எதுவும் இல்லை, நன்றி மட்டும். அவள் வேலைக்கு. செல்வினின் பெருந்தன்மைக்கு. இந்த வயதில் உண்மை சொல்லக் கிடைத்த வாய்க்கு.

நாலு மணிக்கு மும்தாஜ். ஐந்து நிமிடம் தாமதம், சொல்லிக் காட்டினேன். மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"வகுப்புல எப்படி ஆரம்பிச்சே?"

"எல்லாரையும் கைய நீட்டச் சொன்னேன் மிஸ். வவ்வால் றெக்கையிலயும் இதே எலும்புங்கதான்னு ஆரம்பிச்சேன்."

நீட்டினேன்.