குழாய் தந்தவருக்கே முதற்கலம்

நீர் வற்றாத தண்கரை நாட்டின் முடி சூடியவளும், புன்னைவாயில் கோட்டைக்கு உரியவளும், தன் இல்லத்தில் தானே அட்ட நறவால் அண்டை நாட்டாருக்கு ஆண்டுதோறும் எல்லை விருந்து நடத்துபவளுமாகிய அரசி சேந்தமாதேவி, செங்குவட்டு மலைநாட்டு வேள் கோடன் திரையனார் கண்டு தெளிய விடுக்கும் ஓலை. உம் மலைகளில் மழை பொய்க்காதிருக்க. உம் குடிகளின் அடுப்பு அணையாதிருக்க. உமக்குரிய வாழ்த்தை மட்டும் இவ்வோலையின் கடைசி வரி வரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

எம் விருந்தில் முதற்கலம் பருகிய உம் இளவல் நன்னாகனார் வயிறு முறுக்கி வீழ்ந்தார் எனக் கேட்டு, நறவு வடிக்கும் எம் தேறலகத் தலைவி பூதியாளே நஞ்சிட்டாள் என்றும், அவளைக் கட்டி உம் கொலைக்களத்துக்கு அனுப்பாவிடில் கணவாய் வழியே உம் படை இறங்கும் என்றும் எழுதியிருந்தீர். நீண்ட ஓலைதான். அதில் உடன்பிறந்தான் பிழைத்தானா என்று கேட்க ஒரு சொல்லுக்கு இடமில்லாமல் போயிற்று. பிழைத்தார். நீர் கொலைக்களத்துக்குக் கேட்ட அந்தப் பூதியாள்தான் இரவும் பகலும் அருகிருந்து கஞ்சி புகட்டி அவரைத் தேற்றினாள். அவளை அனுப்புவது தம்மை இரண்டாம் முறை கொல்வதாகும் என்று உம் இளவலே எம் அவையில் உரைத்தார்.

இனிக் குழாயின் கதைக்கு வருவோம். கடையில் வாங்கிய கள்ளை விருந்தினருக்கு ஊற்றுவது எம் குலத்துக்கு இழுக்கு. மேல்மாடத்துச் சாடியில் யாமே அரிசி ஊறவைத்து நொதிக்கவிட்ட நறவு, எல்லோர் கண்முன்னும் குழாய் வழியே கூடத்துக்கு இறங்க வேண்டும். முதல்நாள் மாலையிலேயே குழாயை நிறைத்து வாயை அடைத்துவிடுவது முறை. இடையில் எவரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. இதுவரை மூங்கில் வைத்திருந்தோம். அது புளிப்பைக் குடித்துக்கொண்டு அடுத்த நறவையும் கெடுக்கும். சுடுமண் குழாய் வைத்துப் பார்த்தோம். பொருத்துமிடத்தில் கசிந்து கூடமெல்லாம் ஈ மொய்த்தது. செம்பானால் சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கலாம், உள்ளே வெள்ளீயம் பூசினால் தலைமுறைக்கும் நிற்கும் என்று யாமும் பூதியாளும் கூடிப் பேசியே முடிவு செய்தோம். செம்புக்குப் பேர்போன மலை உம்முடையது. நட்பின் அடையாளமாக இரண்டு குழாய்கள் கேட்டோம். ஈயம் பூசியே அனுப்புவதாக நீரும் வாக்களித்தீர்.

குழாய்கள் வந்தன. மினுக்கத்துக்குக் குறைவில்லை. வாயில் விரல்விட்டுப் பார்த்தோம், ஈயம் இருந்தது. மறுவாயிலும் இருந்தது. மன்னர் வாக்கை அதற்கு மேல் சோதிப்பது பண்பாகாது என்று நிறுத்திக்கொண்டோம். விருந்து குலைந்த பின், சங்கறுக்கும் வாள் கொண்டு ஒன்றை நெடுக்காகப் பிளந்தோம். விரல் எட்டிய தொலைவுக்கே ஈயம். நடுவெல்லாம் வெறுஞ்செம்பு, அதில் பாசியாய்ப் படர்ந்த பச்சைக் களிம்பு. இரவெல்லாம் அதில் ஊறிய நறவே முதற்கலத்தில் இறங்கியது. பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பை வைக்கக் கூடாது என்பது எம் ஊரில் அடுப்பூதும் எவருக்கும் தெரியும். செம்பு விற்றே வயிறு வளர்க்கும் உமக்குத் தெரியாதோ? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவரைக் கேள்விப்பட்டிருக்கிறோம். குழாயில் மறைத்தவரை இப்போதுதான் காண்கிறோம்.

உம் மலைநாட்டில் விருந்தளிப்பவரே முதலில் பருகுவது வழக்கம். இங்கும் அவ்வாறே என்று எண்ணினீர் போலும். தண்கரையில், குழாய் தந்தவருக்கே முதற்கலம். நீர் வராமல் இளவலை அனுப்பினீர். உமக்குரிய இருக்கையில் அவர் அமர்ந்தார். எமக்கென்று நீர் எண்ணிய கலம் அவர் கைக்குப் போயிற்று. இதைச் செய்தது உம் வஞ்சமா, ஈயத்தை மிச்சம் பிடித்த உம் கஞ்சத்தனமா என்று எம் அமைச்சர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். வயிற்றுக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை. அன்றே, அதே சாடியின் நறவை மூங்கில் வழியே இறக்கி, பூதியாளும் யாமும் அவையோர் அனைவரும் பருகினோம். நலமாகவே இருக்கிறோம்.

குழாய்கள் குற்றமற்றவை என்று உம் செம்புக் கன்னார் சூளுரைத்ததாகவும் எழுதியிருந்தீர். வேலிக்கு ஓணான் சாட்சி. எனினும் உம் சொல்லை யாம் தள்ளவில்லை. ஆகவே கட்டளை இது. பிளந்த குழாயின் ஒரு பாதி இவ்வோலையுடன் வருகிறது. உம் அவையோர் எல்லோரும் காணும்படி அதை உம் இருக்கையின் முன் வைக்க. பிளக்காத மற்றொன்றை அதே இடத்தில் பொருத்தி, நறவை நிறைத்து, இரு வாயும் அடைத்து வைத்திருக்கிறோம். படையோடல்ல, தனியே வருக, முதற்கலம் உமக்கே. பூதியாளே ஊற்றுவாள். பருகி நீர் நலமாக எழுந்தால் அவளை அழைத்துச் செல்லலாம். அவளும் அதற்கு இசைந்தாள். நீர் வர மறுத்தாலோ, அவள் குற்றமற்றவள் என்று உம் வாயாலேயே தீர்ப்புரைத்தவர் ஆவீர். அந்நாள் முதல் கணவாய்க் கதவு உம் செம்புக்கும் உமக்கும் அடைபடும். இளவல் நன்னாகனார் அண்ணன் வரவைக் காணக் கூடத்திலேயே காத்திருப்பார்.

அரக்கில் எம் மீன்முத்திரை பதித்து, தேறலகத்து வாயிலில் நின்றபடியே எழுதுவித்தோம். நிறுத்தி வைத்த வாழ்த்து உம் கலத்தின் அருகே இருக்கிறது. பருகிவிட்டு எடுத்துக்கொள்க.