அத்தானைக் குளிக்கக் கூட்டிப்போனார்கள், அக்கா

என் பிரிய அக்காவுக்கு,

"ஏட்டி சரோஜா, போன் பண்ணுத எல்லாரும் தண்ணி விழுதா, தண்ணி விழுதான்னே கேக்காங்களே, நான் என்ன அருவிக்கு வாட்ச்மேனா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாய். சேர்ந்து சிரித்தோம். அப்போது முட்டுவலி முற்றி, வாசற்படி இறங்கவே நீ சிரமப்பட்டாய். அதை விசாரித்து ஒரு போன்கூட வந்ததில்லை.

நீ கண்மூடியபின் வரும் முதல் சீசன் இது. சாரல் நன்றாக இருக்கிறது. உன் போனை அத்தான் அணைக்கவில்லை. அதே ஆட்கள் கூப்பிடுகிறார்கள், அதே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐந்தருவியில அஞ்சு கிளையிலயும் விழுது. சனி, ஞாயிறு கூட்டம் நெரியும், வெள்ளிக்கிழமையே வந்திருங்க" என்று, பஸ்ஸில் ஸ்டாப்பிங் சொன்ன அதே கண்டக்டர் குரலில் பதில் சொல்கிறார். பிறகு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டை தோளில் தொங்குகிறது. போன மாதம்வரை சர்க்கரை மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடந்தது. தென்காசியிலிருந்து மேலகரத்துக்கு நான் பஸ் ஏறி வந்தபோதெல்லாம் அந்த அட்டையைத்தான் முதலில் பார்த்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோவில்பட்டியிலிருந்து நம் சித்தி மகன் பாண்டி வந்தான். வேன் நிறைய ஆட்கள். எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது அத்தான் மெதுவாகச் சொன்னார்: "காலையில எந்திரிக்கவே மனசு வரல பாண்டி. எதுக்கு எந்திரிக்கணும்னு இருக்கு."

அவ்வளவு நாள் உள்ளே வைத்திருந்ததை, வீடு நிறைய ஆள் இருக்கிறதே என்று வெளியே எடுத்துவிட்டார்.

"சாரல் காத்துல்லா அத்தான், அப்படித்தான் இருக்கும். எனக்கே சோம்பலா வருது" என்றான் பாண்டி. "வாங்க, அருவில தலையக் குடுங்க. எல்லாம் பறந்துரும்." அவன் மனைவி, "எண்ணெய் வச்சிட்டுப் போங்கண்ணே, தூக்கம் நல்லா வரும்" என்றாள். பிறகு ரசம் வந்தது. பேச்சு மிளகாய் பஜ்ஜிக்குப் போய்விட்டது. பத்துப் பேர் காதில் விழுந்த அந்த வார்த்தை எங்கே போயிற்று, அக்கா?

நம் பக்கத்தில் எதற்கும் அருவிதான். சம்பந்தம் தட்டிப்போனாலும் அருவி, வியாபாரம் படுத்தாலும் அருவி. மனம் பேதலித்தவர்களைக் கையைக் கட்டிக் கூட்டிவந்து தண்ணீருக்கு அடியில் நிறுத்துவார்களே, சிறுவயதில் நாம் பயந்துபோய்ப் பார்த்திருக்கிறோம். அவர்கள் எதையோ சொல்லிக் கத்துவார்கள். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

அத்தானையும் கூட்டிப்போனார்கள். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் துண்டோடு நின்றேன். தண்ணீருக்குள் அவர் வாய் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. பாண்டி அதைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

வெளியே வந்ததும், "உள்ள நின்னு என்ன சொன்னீங்க அத்தான்?" என்று கேட்டேன்.

"உங்க அக்காள ஏசினேன்."

"என்னன்னு?"

"என்னைய இங்கன விட்டுட்டுப் போயிட்டியேன்னுதான். அங்கன நின்னா யாருக்கும் கேக்காதுல்லா, சத்தமா ஏசிட்டேன்" என்றவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்த பாண்டி, "பாத்தியா அக்கா, முகம் எப்படித் தெளிஞ்சிருக்கு" என்றான். நல்ல பையன்தான் அவன். அத்தான்மேல் அவனுக்குப் பிரியம் உண்டு. அதுதான் என்னை இன்னும் தொந்தரவு செய்கிறது.

வகுப்பில் ஒரு பிள்ளை கை தூக்கினால், அது வாய் திறக்குமுன் "ஒண்ணுக்கா? போயிட்டு வா" என்று சொல்லிவிடுவது எங்கள் வாத்தியார் கூட்டத்தின் வழக்கம். பிள்ளை வேறெதற்கோ தூக்கியிருக்கும். ஆனாலும் எழுந்து வெளியே போய், சும்மா நின்றுவிட்டு வரும். ஊரே இப்படித்தான் ஆகிவிட்டதோ?

வேன் கிளம்பிய பிறகு வீடு சட்டென்று காலியாயிற்று. நான் மட்டும் தங்கினேன். அத்தான் சொன்னார்: "நானும் போயிட்டா இவங்க யார்ட்ட கேப்பாங்க, தண்ணி விழுதான்னு?"

என் வாயில் பதில் தயாராக இருந்தது. அப்படிப் பேசாதீங்க, பேரன் பேத்தி இருக்காங்க, கோயிலுக்குப் போயிட்டு வாங்க. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுக் கேட்டேன்: "சாகணும்னு தோணுதா அத்தான்?"

கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். "சில நாள் தோணுது. அதச் சொல்லத்தான் மத்தியானம் இலையில உக்காந்து ஆரம்பிச்சேன்."

"இப்ப சொல்லுங்க."

சொன்னார். காபி ஆறி ஆடை படிந்தது, நாங்கள் எழுந்திருக்கவில்லை. உன்னைப் பற்றித்தான் பாதி. மீதியை இங்கே எழுத மாட்டேன், அது அவருடையது.

மறுநாள் மனநல டாக்டரிடம் போவோம் என்றேன். "பைத்தியம்னு சொல்லுவாங்கட்டி" என்றார். "நானும் கூட வாரேன். ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லட்டும்" என்றேன். நீ போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். உன் மகன் சென்னையிலிருந்து வந்து இப்போது கூட இருக்கிறான். மருந்து தொடங்கியாயிற்று. சரியாகிவிட்டார் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். சில காலைகளில் எழுந்திருக்கிறார், சில காலைகளில் இல்லை. எனக்கும் நிம்மதி இல்லை. நம் தெருவில் இன்னும் யாரெல்லாம் சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்களோ?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். அத்தான் பேசும்போது குறுக்கே நான் ஆறுதல் சொல்ல மாட்டேன். அவர் முடிக்கும்வரை இருப்பேன்.

இது உன் கைக்கு வந்து சேராது, வேறு யாராவதுதான் படிப்பார்கள். படிக்கிறவர்களே, நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். யாராவது "மனசு சரியில்ல" என்றால் உடனே கைவைத்தியம் எதுவும் சொல்லாதீர்கள். "சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

உன் தங்கச்சி,
சரோஜா