சுவர் யார்?

ஜூன் 9, திங்கள்

பத்திரிகை வந்துவிட்டது. அதில் மாதத் தொடராக வரும் என் நாவலின் நான்காம் அத்தியாயம். தாராவிச் சந்து ஒன்றில் ஒரு சுவர் தினமும் ஓரடி நகர்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் சந்து வீடுகளை பில்டர் இடிக்கப்போவதை நேரடியாக எழுதத் தைரியமில்லை, அதனால்தான் சுவர். கணவர் படித்துவிட்டு, "நல்லாருக்கு ஜோஸ்பின். ஆனா யாருக்குப் புரியும்?" என்றார்.

ஜூன் 12

புரிந்திருக்கிறது. எங்கள் சந்துக் கமிட்டித் தலைவர் அய்யாத்துரை வீட்டுக்கே வந்தார். டீ குடித்தார். பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடியே கேட்டார்:

"டீச்சர், அந்தச் சுவரு யாரு?"

"சும்மா கதைதான் அண்ணாச்சி."

"கதைன்னா சரி. அடுத்த மாசம் அது நின்னுரட்டும்."

போகும்போது எங்கள் கதவைப் போனில் படம் எடுத்தார்.

நான் அவரை நினைத்து எழுதவேயில்லையே. பின் அவருக்கு என்ன பயம்?

ஜூன் 17

தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கோமதியம்மாளின் மகள் கீதா ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். நகல் ஒன்று கொண்டுவந்தாள். தண்ணீர் கனெக்‌ஷனுக்கு என்று அய்யாத்துரை எங்களிடம் வாங்கிய கையெழுத்தெல்லாம் வீடுகளை இடிக்கச் சம்மதப் பத்திரமாக பில்டரிடம் போயிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் என் கையெழுத்து. படிக்காமலா போட்டேன்? டீச்சராம், நாவலாம்! எனக்கே வெக்கமா இருக்கு.

ஜூன் 20

மாற்று வீடு கொடுப்பதற்காக சர்வேக்காரர்கள் எல்லாக் கதவிலும் எண் எழுதினார்கள். எங்கள் கதவைத் தாண்டிப் போனார்கள்.

"லிஸ்ட் மே நாம் நஹீ ஹை." பட்டியலில் எங்கள் பெயர் இல்லையாம்.

ஜூன் 22, ஞாயிறு

கோமதியம்மாள் வீட்டில் பெண்கள் கூடினார்கள். பாதிப்பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. அத்தியாயத்தை நான் வாசித்தேன். கோமதியம்மாள் பாதியில் நிறுத்தினார்.

"சுவரு கெடக்கட்டும் டீச்சர். நம்ம கையெழுத்த வித்தவன் பேரச் சொல்லுங்க."

சுவருக்குப் பின்னால் இத்தனை நாள் ஒளிந்திருந்தது நான்தானோ? நகலை எடுத்தேன். பெயரைச் சொல்லியே வாசித்தேன். வாசலில் நின்ற அய்யாத்துரையின் ஆள் முழுவதையும் போனில் பிடித்துக்கொண்டான்.

ஜூன் 24

கணவர் வேலை பார்க்கும் டிராம்பேயில், இனி வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. பத்திரிகை ஆசிரியரும் கூப்பிட்டார்: "நாவலுக்கு ஒரு மாசம் இடைவெளி விடுவோம்மா."

ஜூலை 6

தாணே. தங்கை சகாயராணி வீடு. வேலை போனதும் இங்கே வந்துவிட்டோம். கோமதியம்மாள் போன் செய்தார். எங்கள் வீட்டுப் பூட்டை யாரோ மாற்றியிருக்கிறார்களாம். "இப்போதைக்கு இந்தப் பக்கம் வராதீங்க." சம்மதத்தைத் திரும்பப் பெற நாற்பத்தோரு பேர் மனுக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார்.

முதல் பெயர் யாருடையது என்று கேட்டேன்.

"உங்களுதுதான் டீச்சர். கேக்காமலே எழுதிட்டோம்."

இருக்கட்டும் என்றேன்.