ஆறாம் இடத்தில் இருந்த துறை

விட்பி கடலோரம்
12 மே 1998

அன்புள்ள ஹிலரி,

நலம்தானே? நான் இங்கே மாணவர்களோடு பாறையைத் தட்டிக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு நன்றாகவே இருக்கிறேன். நேற்று விடுதிக்காரம்மா நீட்டிய பத்திரிகையில்தான் அதைப் பார்த்தேன். பல்கலைக்கழகத் தரவரிசையில் நம் நிலவியல் துறை போன வருடம் நாட்டிலேயே ஆறாவது. இந்த வருடம் ஐம்பதுக்கும் கீழே! பதினான்கு ஆசிரியர் இருக்கும் இடத்தில் மூன்று பேர் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், தூங்குமூஞ்சிகள்.

நம் பல்கலைக்கழக எண்களை அனுப்பும் புள்ளிவிவரப் பிரிவில் நீதானே இருக்கிறாய்? பத்திரிகைக்கு எழுதிக் காய்ச்சி எடு. ஜூனில் கல்விப் பேரவை கூடுகிறது. இந்த எண்ணைக் காட்டியே துறையை மூடிவிடுவார்கள். அப்புறம் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வழக்கமான நச்சரிப்புடன்,
ரோவினா

15 மே

அன்புள்ள ரோவினா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பத்திரிகைமேல் தப்பில்லை. எண்ணை மாற்றியது நான்தான்.

நீ அனுப்பிய பட்டியலில் இருந்த பதினான்கு பேரில் பதினொரு பேர், கல்குவாரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சேத் ஆக்டனும் அவருடைய கூட்டாளிகளும். மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைப் பாறைக்குக் கூட்டிப்போகிறவர்களை முழுநேர ஆசிரியராகக் காட்ட விதியில் இடமில்லை. நீ ஏமாற்றவில்லை என்று எனக்குத் தெரியும். உதவிக்கு வருகிறவர்களை எல்லாம் உன் ஆட்களாக நினைப்பவள் நீ. நேரத்தை எண்ணாமல் தலையை எண்ணிவிட்டாய்.

பிப்ரவரியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை மதியம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்! சொல்ல வாய் வரவில்லை. மன்னித்துவிடு.

உன்,
ஹிலரி

19 மே

அன்புள்ள ஹிலரி,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பாறைக்குப் போனேன். உதவிக்கு இங்கே வந்திருக்கும் சேத் விடவில்லை. “என்னம்மா, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?” என்று கேட்டார். சொன்னேன். “அப்போ எங்களை வாத்தியாருன்னு காட்டித்தான் ஆறாவது வந்தீங்களா? நல்லா இருக்கே கதை” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண் தவறு என்றால் தவறுதான். என்னிடம் முதலில் சொல்லியிருந்தால் நானே திருத்தித் தந்திருப்பேன். விடுதிச் சாப்பாட்டு மேசையில், மாணவர்கள் பார்க்க, பத்திரிகையிலிருந்து தெரிந்துகொண்டேனே, அதுதான் வலிக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மேலாண்மைத் துறைக்கு வருடத்தில் ஒரு தடவை வந்து பேசிவிட்டு, மதுவும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுப் போகும் கம்பெனி முதலாளிகள் எண்பது பேராவது அங்கே ஆசிரியர் கணக்கில் இருப்பார்கள். அவர்களையும் கழித்தாயா?

ரோவினா

23 மே

அன்புள்ள ரோவினா,

கழிக்கவில்லை.

உன் துறையின் தவறைப் பார்த்த அதே வாரம் அதையும் பார்த்தேன். இரண்டையும் எங்கள் பிரிவுத் தலைவர் பிக்கர்ஸ்கில்லிடம் கொண்டுபோனேன். “ஹிலரி, கல்லு உடைக்கிறவங்க கணக்கைத் தாராளமா திருத்துங்க. இதைத் தொடாதீங்க. நமக்கெல்லாம் சோறு போடுறதே இதுதான்” என்றார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். உன் துறை சிறியது, கேட்க ஆளில்லை. அதைத் திருத்திவிட்டு என் மனசாட்சிக்கு நானே முதுகில் தட்டிக்கொடுத்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஒரு வழி இருக்கிறது. என் கணக்கில்தான் பிழை என்று பேரவைக்கு எழுதி, அந்தப் பதினொரு பேரைத் திரும்பச் சேர்த்துவிடுகிறேன். யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள். உன் வேலை நிற்கும். சரி என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

உன்,
ஹிலரி

27 மே

ஹிலரி,

சேர்க்காதே.

இங்கே மாணவர்களை உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். ஒரு பெண் எழுந்தாள். “அந்த ஆறாவது இடத்தைப் பார்த்துத்தான் மேடம், எங்கப்பா வேற எதுவும் வேணாம்னு இங்க சேர்த்தாரு” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மறுபடியும் அப்படி ஒரு பிள்ளையை ஏமாற்றித்தான் என் வேலை நிற்க வேண்டுமென்றால், எனக்கு அந்த வேலை வேண்டாம்.

பேரவையில் மூன்று பேர் என்றே சொல்லப்போகிறேன். மூடினால் மூடட்டும். அன்று நீயும் பிக்கர்ஸ்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். எண்பது பேரைப் பற்றி நீ எழுந்து பேசினால், கூட்டம் முடிந்து சேர்ந்து வீட்டுக்கு நடப்போம். பேசாவிட்டால், இனி எனக்கு எழுதாதே.

ரோவினா