எட்டுக் கை அணியின் வெறுங்கை ஆண்டு

ஆகஸ்ட் 26, சனி

மூன்றுக்குப் பூஜ்யம். மூன்று அவர்களுக்கு, பூஜ்யம் நமக்கு. லீக்கின் முதல் ஆட்டம். அதுவும் போன மாதம்தான் கீழ்ப்பிரிவிலிருந்து ஏறி வந்த, பூட்ஸுக்குக் கயிறு வாங்கக்கூட வக்கில்லாத ஒரு கூட்டத்திடம்.

இந்த லிண்டி ஊர்க் கடற்கரையில் பேய்க்கணவாய் சூப் காய்ச்சுகிற கோம்போ நான். என் சூப்பின் வாசனைக்கு மையவாடியிலிருந்து எழுந்து வந்து, இன்னொரு குவளை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தவர்கள் உண்டு. அதைத்தான் இன்று காலை பதினோரு பேருக்கும் ஊற்றினேன். நம் கால்பந்துச் சங்கத்தின் கொடியிலும் பேய்க்கணவாய்தான். எட்டுக் கை. பத்தொன்பது வருடமாக அந்த எட்டில் ஒரு கைகூட ஒரு கோப்பையைப் பிடித்ததில்லை.

மூன்று கோலில் இரண்டு மகாமேயின் விரலிடுக்கில் போனவை. மகாமே நம் கோல்கீப்பர். என் தங்கை ஜோஹாவின் ஒரே மகன். என் ரத்தம்தான் – ஆனால் அந்த ரத்தம் கை வரைக்கும் ஓடவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 17, ஞாயிறு

நடப்புச் சாம்பியனை நான்குக்கு ஒன்று என்று அடித்தோம்! நாங்கள் கத்திய கத்தலில் கடல் பத்தடி பின்வாங்கியது; மீனெல்லாம் மணலில் கிடந்து துள்ளியதை நானே பார்த்தேன். மகாமே ஒரு பெனால்ட்டியைப் பறந்து பிடித்தான். சிங்கம். தாய்மாமன் ஜாடை.

தன் பலகையில் கோடு போட்டதால்தான் வென்றோம் என்று பயிற்சியாளர் நினைத்துக்கொண்டிருக்கிறார். புருண்டி மலைக்காரர், பாவம். இங்கே 'தொழில்நுட்பக் குழு' என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. அப்படி ஒன்று இந்த நாட்டில் எந்தச் சங்கத்திலும் கிடையாது. எல்லாச் சங்கத்திலும் இருக்கிறது. எதிரி வைத்த செய்வினையைக் கண்டுபிடித்து முறிப்பது அதன் வேலை. வெளியே தெரிந்தால் லீக்காரர்கள் அபராதம் போடுவார்கள். நம் குழுவின் தலைவர் மீன் ஏலம் விடும் பகாரி. செயலாளர் அடியேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

கடைசி இடத்து அணியிடம் இரண்டுக்குப் பூஜ்யம். எழுதக் கை வரவில்லை.

அக்டோபர் 7, சனி

இன்று நான் செய்தது சரியா? சரிதான். தப்பாக இருந்தாலும் சரிதான்.

நான்காவது கோல் உள்ளே போனதும் விசில் ஊதி மொத்தக் கூட்டத்தையும் அடக்கினேன். ரசிகர் கூட்டத்தை நடத்துவதே என் கழுத்து விசில்தான்; அதற்கு அந்த மரியாதை உண்டு. எழுந்து நின்று சொன்னேன்:

"அது கோல்கீப்பர் இல்லய்யா. எங்க தங்கச்சி வீட்டுத் தேங்காய்ப்பால் வடிகட்டி. சக்கைய நிறுத்திக்கிட்டுப் பால உள்ள விட்டுடும்."

இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். தோற்கிற ஆட்டத்தில் இரண்டாயிரம் பேரைச் சிரிக்க வைப்பது சாதாரணமா? பிறகு பந்து கோல் பக்கம் போகும்போதெல்லாம் "வடிகட்டி! வடிகட்டி!" என்று கத்தினார்கள். மகாமே ஒரே ஒரு தடவை திரும்பி என் பக்கம் பார்த்தான்.

அக்டோபர் 13, வெள்ளி

வெள்ளிதோறும் தொழுகை முடிந்து ஜோஹா வீட்டில் எனக்குத் தேங்காய்ப்பால் சோறும் மீனும். பதினோரு வருட வழக்கம், என் மனைவி போனதிலிருந்து. இன்று கிளம்பும் நேரத்தில் அவளே கடைக்கு வந்தாள். ஓலையில் பின்னிய அவள் வீட்டு வடிகட்டியை மேசையில் வைத்தாள்.

"இனிமே நீயே பிழிஞ்சு சமைச்சுக்க, அண்ணா."

போய்விட்டாள். கோழை கோல்கீப்பரைப் பெற்றவளுக்குக் கோபம் மட்டும் எங்கிருந்து இவ்வளவு வருகிறது? வடிகட்டியைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டேன். தொங்கட்டும்.

இதற்கெல்லாம் நான் பயப்படுகிறவன் இல்லை. ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டேன்.

டிசம்பர் 2, சனி

வென்றோம். போன வாரம் தோற்றோம். அதற்கு முந்தின வாரம் வென்றோம். இது அணியா, ஓதமா? ஓதம்கூட எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று மீனவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறது.

ஜனவரி 21, ஞாயிறு

பயிற்சி முடிந்து மகாமே கடைக்கு வந்தான். நான் கூப்பிடவில்லை. ஆணியில் தொங்குவதையே கொஞ்ச நேரம் பார்த்தான். சந்தையில் காய் விற்கிறவள்கூட "வடிகட்டி, தக்காளி வேணுமா" என்கிறாளாம். அம்மா சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டாளாம்.

"நீங்க வெச்ச பேரு மாமா. நீங்களே எடுத்துடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நீ நாலு மேட்ச் கோல் விடாம இரு. பேரு தானா உதிர்ந்துடும்" என்றேன்.

சூப்பைக் குடிக்காமல் எழுந்து போனான். ஆறிய சூப்பை நானே குடித்தேன். உப்புக் குறைவு.

மார்ச் 3, ஞாயிறு

லீக்கில் ஒன்பதாம் இடம். இனி ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. சங்கத் தலைவர் கிபாவா வானொலியில் 'கட்டமைப்புக்கான ஆண்டு' என்று சொன்னார். பத்தொன்பது வருடமாகக் கட்டுகிறார்கள். கட்டி முடித்தால் நிலாவையே தொடும் போலிருக்கிறது.

இனி கோப்பைப் போட்டி ஒன்றுதான் மிச்சம். அதில் மகாமே மூன்று சுற்றாக ஒரு கோல்கூட விடவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் இன்னமும் வடிகட்டி என்றுதான் கூப்பிடுகிறது.

மே 18, சனி – காலை

கோப்பை அரையிறுதி. நம் மைதானம். எதிரே பக்கத்து ஊர் முத்வாராவின் கொக்குச் சட்டைக்காரர்கள், நூறு வருட எதிரிகள் (சங்கம் தொடங்கி முப்பத்தெட்டு வருடம்தான், இருக்கட்டும்).

விடிந்ததும் பகாரி ஓடிவந்தான். மைதானத்தின் பெரிய வாசலில் யாரோ செய்வினை வைத்திருக்கிறார்களாம். போய்ப் பார்த்தேன். படியில் பன்னீர் தெளித்த ஈரம். ஓரத்தில் விளிம்பு உடைந்த மண் தூபக்கால், உள்ளே சூடு ஆறாத சாம்பல். அந்த வாசனை ஏனோ மூக்கில் ஒட்டிக்கொண்டது. எங்கேயோ முகர்ந்த வாசனை. யோசிக்க நேரமில்லை.

கொக்குக் கூட்டத்தின் வேலை என்று பகாரி தீர்ப்புச் சொன்னான். அந்த வாசலை நம் பிள்ளைகள் மிதிக்கக்கூடாது. நான் ஆமோதித்தேன். ஆமோதித்தேன் என்ன, பின்சுவர் ஏறிக் குதிக்கட்டும் என்று யோசனை சொன்னதே நான்தான். தூபக்காலைக் கடலில் வீசியதும் நான்தான்.

மாலை

ஒன்றுக்குப் பூஜ்யம். முடிந்தது. இந்த ஆண்டும் வெறுங்கை.

எழுபதாவது நிமிடம். ஒரு கிழவி உதைத்தால்கூட இன்னும் வேகமாகப் போயிருக்கும், அப்படி ஒரு பந்து. மகாமேயின் வலக்கையில் பட்டு, நழுவி, உருண்டு, வெட்கப்பட்டுக்கொண்டே உள்ளே போனது. நான் விசிலை ஊதினேன், தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாரையும்விடச் சத்தமாக. என்ன கத்தினேன் என்று எழுத வேண்டுமா? அதே பெயர்தான்.

மே 19, ஞாயிறு

மகாமேயின் மணிக்கட்டில் எலும்பு முறிவு.

ஆஸ்பத்திரி வாசலில் பயிற்சியாளர் சொன்னார். பந்தால் உடைந்ததில்லையாம், ஆட்டத்துக்கு முன்னாலேயே உடைந்திருக்கிறதாம். எப்போது, எங்கே என்று கேட்டால் பையன் வாயைத் திறக்கவில்லையாம்.

எனக்குத் தெரியும். சுவரின் மேல் உட்கார்ந்து ஒவ்வொருவனாகக் கை கொடுத்து ஏற்றியவன் நான். மகாமே என் கையைப் பிடிக்கவில்லை. தானே ஏறினான், தானே குதித்தான், வலக்கையை ஊன்றி விழுந்தான். எழுந்து கையை உதறினான். மேலிருந்து நான் என்ன சொன்னேன்?

"கைய உதறாதடா, கெட்ட சகுனம். வலிச்சாலும் காட்டாத."

காட்டவில்லை. தொண்ணூறு நிமிடம் காட்டவில்லை. அடப்பாவி, அந்த ஒரு சொல்லை மட்டும் ஏன்டா கேட்டுத் தொலைத்தாய்?

மே 24, வெள்ளி

ஊர் முழுக்க ஒரே பேச்சு. மகாமே விலை போய்விட்டான், கொக்குக் கூட்டத்திடம் பணம் வாங்கிக்கொண்டு பந்தை விட்டான். கிளப்பிவிட்டது பகாரி. என் கடையில், என் பெஞ்சில், என் சூப்பைக் குடித்துக்கொண்டே சொல்கிறான். வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு பொதுக்கூட்டம், பையனைச் சங்கத்திலிருந்தே நீக்கப்போகிறார்களாம். லஞ்சம் என்ற சொல் ஒட்டினால் வேறெந்தச் சங்கமும் தொடாது. இருபத்துநான்கு வயதில் அவன் ஆட்டம் முடிந்தது.

அழைக்காமலேயே ஜோஹா வீட்டுக்குப் போனேன். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அலமாரியில் எங்கள் அம்மாவின் தூபக்கால் இருந்த இடம் காலியாக இருந்தது. எங்கே என்றேன்.

"அன்னிக்கு விடிகாலையில எம்புள்ள போற வாசல்ல சாம்பிராணி போட்டேன், பன்னீர் தெளிச்சேன். ஊரே திட்டுற புள்ளைக்கு ஒரு நல்லது நடக்கட்டும்னு. எடுக்கப் போனா காணோம். ஏன், அதுவும் உன் கண்ண உறுத்துதா?"

அந்த வாசனை. சின்ன வயதிலிருந்து முகர்ந்த வாசனை.

அட கோம்போ, அட மகா புத்திசாலியே. ஏழு கடல் தாண்டி எதிரியின் மூச்சை மோப்பம் பிடிப்பவனே. உன் வீட்டுத் தூபத்தை உன் மூக்குக்கே தெரியவில்லையா? கழுதைக்குக்கூடத் தன் கொட்டில் தெரியும்.

அவளிடம் சொல்லவில்லை.

மே 30, வியாழன்

வாயை மூடிக்கொண்டால் என்ன? குழுவைப் பற்றி வெளியே பேசமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். பேசினால் விசில் போகும், பெஞ்சு காலியாகும், சங்கத்துக்கு அபராதம். முப்பது வருடமாக இந்தச் சங்கம்தான் எனக்கு எல்லாம்.

மூடிக்கொண்டால் பையன் போவான்.

எவ்வளவு சுலபமான கணக்கு. இதற்கு ஆறு நாள் வேண்டியிருந்தது எனக்கு. தூ.

ஜூன் 2, ஞாயிறு

பள்ளிக்கூட மண்டபம். நிற்க இடமில்லை. மகாமே முன்வரிசையில், கையில் மாவுக்கட்டு, தலை குனிந்தபடி. எப்படி உடைந்தது என்று தலைவர் கிபாவா மூன்று தடவை கேட்டார். ஆட்டத்தில் என்றே மூன்று தடவையும் சொன்னான். என்னைக் காப்பாற்றுகிறானாம்!

விசிலை ஊதினேன். அடங்கினார்கள்.

"அவன் கைய ஒடச்சது நானு. வாசல்ல இருந்தது கொக்குக்காரன் வெச்ச வினை இல்ல, அவங்க அம்மா போட்ட சாம்பிராணி. எங்க வீட்டுச் சாம்பிராணிக்குப் பயந்து எங்க வீட்டுப் புள்ளையவே சுவர் ஏற விட்டேன். ஒடஞ்ச கையோட தொண்ணூறு நிமிசம் நின்னவனுக்கு நான் வெச்ச பேரத்தான் நீங்க கத்துறீங்க."

பகாரி எழுந்தான். "என்னண்ணே உளர்றீங்க? அப்படி ஒரு குழுவே நம்மகிட்ட கிடையாதே."

"ஆமா, கிடையாது. அந்த இல்லாத குழு சொல்லித்தான் பதினோரு பேரும் சுவர் ஏறினாங்க. கோச்சக் கேளு."

வருடம் முழுக்க நான் மலைக்காரன் என்று கரித்துக்கொட்டிய மனிதர் கையைத் தூக்கினார். தான் வேண்டாம் என்று தடுத்ததையும் சொன்னார்.

பிறகு நடந்ததை வரிசையாக எழுத முடியாது. யாரோ நாற்காலியை வீசினார்கள். என் தொப்பி போயிற்று. விசிலைக் கழுத்திலிருந்து பிடுங்கினார்கள். ஆனால் மகாமேயை நீக்கும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. பெண்கள் பக்கத்துக் கதவோரம் ஜோஹா நின்றிருந்தாள். என்னைப் பார்க்காமல் போனாள்.

ஜூன் 4, செவ்வாய்

இல்லாத குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். கடிதம் கிடையாது. குழுவே கிடையாதே, கடிதம் எங்கிருந்து வரும்?

கடையில் ஒரு அண்டா சூப் அப்படியே இருக்கிறது. பயிற்சியாளர் மட்டும் வந்தார், இரண்டு குவளை குடித்தார். மிளகு அதிகம் என்றார். மலைக்காரருக்கு ருசி எங்கே தெரியும்? மூன்றாவது குவளையை நானே ஊற்றினேன்.

ஜூன் 7, வெள்ளி

தொழுகை முடிந்து கடையைச் சாத்திக்கொண்டிருந்தேன். மகாமே வந்து நின்றான்.

"அம்மா அந்த வடிகட்டிய வாங்கிட்டு வரச் சொன்னாங்க. தேங்கா துருவியாச்சாம்."

ஆணியிலிருந்து எடுத்தேன். எட்டு மாதத் தூசி. தட்டிக் கழுவினேன். இடக்கையை நீட்டினான்.

"விடு. நான் எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

சந்து வழியாகப் போனால் ஜோஹா வீட்டுப் பின்சுவர் பக்கம்தான், தாண்டினால் நேரே அடுக்களை. சுற்றிக்கொண்டு போனோம். வாசல் வழியாக.