குதிகாலால் இரண்டு தட்டு

சிட்னி,
12 மார்ச் 1934

என் மேவிஸ் கண்ணே,

உன் கடிதம் வந்தது. தொப்பிக் கடை வேலை அலுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இங்கே நாம் ஆடிய கொட்டகையில் சினிமாத் திரை கட்டிவிட்டார்கள். வாசலில் நம் படம் இருந்த இடத்தில் ஓர் அமெரிக்கக்காரி பல்லைக் காட்டுகிறாள். போகட்டும், எனக்கு வானொலியில் இடம் கிடைத்துவிட்டது! செவ்வாய்தோறும் சாயங்காலம் நம் நாடகத்து மிஸஸ் பாப்ஜாயாகப் பேசுகிறேன். அதே வாடகை வீட்டு அம்மாள், அதே வாய்.

முதலில் உன் வேலைக்காரி வேஷத்தைப் பற்றித்தான் கேட்டேன். "இது ரேடியோ, லெட்டி. வேலைக்காரி ஏப்ரன் கட்டிட்டு வந்து நின்னா யாருக்குத் தெரியப்போகுது? நீ ஒருத்தி போதும்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். உனக்குப் பதிலாக எதிர்ப்பேச்சுப் பேச ஓர் அறிவிப்பாளன். அவன் சிரித்துவிட்டால் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்!

முதல் நாளே காகிதத்தில் வரி தப்பிவிட்டது. பழக்கதோஷம், குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினேன். பெண்டிகோ ஊரில் நம் முதல் மேடையில் நான் வசனம் மறந்து விழித்த அன்று நாம் பேசி வைத்துக்கொண்டதுதானே? நான் தட்டினால் நீ ஓடிவந்து, "அம்மா, அடுப்புல தண்ணி கொதிச்சு வழியுது!" என்று கத்துவாய். சனம் சிரித்து முடிப்பதற்குள் எனக்கு வசனம் வந்துவிடும். இங்கே தட்டினேன், ஒருவரும் வரவில்லை. அழுகையே வந்துவிட்டது.

கொஞ்சம் பொறு. இங்கே காலூன்றியதும் கூப்பிடுகிறேன். பெட்டியைக் கட்டி வை.

உன் லெட்டி

*

பல்லராட்,
3 ஏப்ரல் 1934

அடி லெட்டி,

கேட்டேன், கேட்டேன்! உன் அறிவிப்பாளன் குறுக்கே பேசி ஒவ்வொரு சிரிப்பையும் கெடுத்துவிடுகிறான். வாயை மூடிக்கொண்டு காத்திருக்க அவனுக்கு யாராவது சொல்லிக்கொடுங்கள். அதுதானே என் வேலையாக இருந்தது.

கடை முதலாளியம்மா, "அந்த பாப்ஜாய் அம்மா உங்ககூட ஆடினவங்களாமே?" என்று கேட்டார். "ஆடினவங்க இல்ல, ஆடுறவங்க" என்று சொல்லிவிட்டேன். மானத்தைக் காப்பாற்று.

ஒரு குறை மட்டும். குடைக்குள் எலி புகுந்த அந்தத் துணுக்கு என்னுடையது. நீ பாட்டுக்கு எடுத்துவிட்டாய். சரி, கடன் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறேன், வந்ததும் வாங்கிக்கொள்வேன்.

பெட்டி கட்டியாயிற்று. ஏப்ரனுக்குக் கஞ்சி போட்டு மேலாக வைத்திருக்கிறேன். வழியில் ஆல்பரி ஸ்டேஷனில் குளிரில் நின்று ரயில் மாற வேண்டும், அதுகூடப் பரவாயில்லை. 'வா' என்று ஒரு வார்த்தை எழுது.

உன் மேவிஸ்

*

சிட்னி,
20 நவம்பர் 1936

அன்பு மேவிஸ்,

தாமதத்துக்குக் கோபிக்காதே. நிகழ்ச்சிக்குப் பணம் தரும் சோப்புக் கம்பெனிக்காரர்கள், பாப்ஜாய் அம்மாள் தனியாக இருப்பதே நன்றாயிருக்கிறது என்கிறார்கள். இன்னும் ஒரு வருஷம் போகட்டும். தெருவில் பிள்ளைகள் என்னைப் போலவே பேசிக்காட்டுகிறார்கள். என் படம் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

ஓயாத தலைவலி. நேற்றுப் பால்காரன் பெயர் மறந்துபோய் "கேப்டன்" என்று கூப்பிட்டேன். அவனும் நிமிர்ந்து சலாம் வைத்தான். எவ்வளவு சிரித்தோம்!

லெட்டி

*

பல்லராட்,
2 டிசம்பர் 1936

லெட்டி,

படம் வந்தது. அழகாக இருக்கிறாய்.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். ஏப்ரனைக் கிழித்து அடுப்படித் துணியாக்கிவிட்டேன். இனிமேல் கூப்பிடாதே. கூப்பிட்டாலும் வரமாட்டேன்.

மேவிஸ்

*

பல்லராட்,
புதன்கிழமை, 13 ஜூலை 1938

என் லெட்டி,

கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நேற்று அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டே உன்னைக் கேட்டேன். குடைக்குள் எலி துணுக்கில், எலி வரவேண்டிய இடத்தில் நீ நின்றுவிட்டாய். காகிதம் புரளும் சத்தம். அறிவிப்பாளன் ஏதோ உளறினான். பிறகு கேட்டது, டக் டக்.

நாடு முழுவதும் அதை நாற்காலிச் சத்தம் என்று நினைத்திருக்கும். நான் கையில் ஈரத்துணியோடு ரேடியோ முன்னால் ஓடிப்போய், "அம்மா, அடுப்புல தண்ணி கொதிச்சு வழியுது!" என்று கத்தினேன். பைத்தியக்காரி! நீ இன்னொரு முறை தட்டினாய். நான் இன்னும் உரக்கக் கத்தினேன். அதற்குள் பாண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உனக்கு என்னவோ ஆகியிருக்கிறது. வெள்ளிக்கிழமை புறப்படுகிறேன். நீ கூப்பிடவேண்டாம். நீ தட்டினாய், அது போதும்.

உன் மேவிஸ்

*

சிட்னி, மருத்துவமனை,
வசந்த காலம்

என் மேவிஸ் கண்ணே,

நல்ல சேதி! இங்கே எல்லாரும் என் பேச்சைக் கேட்கிறார்கள். நான் காலூன்றிவிட்டேன். இனி உன்னைக் கூப்பிட ஒரு தடையும் இல்லை. வா. பெட்டியைக் கட்டு, ஏப்ரனை மறக்காதே. எலித் துணுக்கையும் திருப்பித் தந்துவிடுகிறேன்.

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பாய். தினமும் ஒரு நரைத்த அம்மாள் வந்து என் கட்டிலருகே உட்காருகிறாள். கஞ்சி ஊட்டுகிறாள், தலை வாரிவிடுகிறாள். நல்லவள்தான், ஆனால் திருடி! நேற்று எனக்கு ஏதோ வார்த்தை வரவில்லை. கட்டில் சட்டத்தில் குதிகாலால் தட்டினேன். உடனே அவள் எழுந்து, "அம்மா, அடுப்புல தண்ணி கொதிச்சு வழியுது!" என்கிறாள்!

எனக்கு வந்ததே கோபம். "அது என் மேவிஸோட வசனம்! நீ யாரு அதைப் பேச?" என்று திட்டிவிட்டேன். "மன்னிச்சுக்கோ லெட்டி, இனிமே பேசமாட்டேன்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளோ என்னவோ. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உன் இடத்தை வேறு ஒருத்திக்கு விட்டுக்கொடுக்க முடியுமா?

இந்தக் கடிதத்தை அவளிடம்தான் தரப்போகிறேன். பல்லராட்டுக்குத் தபாலில் சேர்ப்பாயா என்று கேட்டேன். "கண்டிப்பா அவ கைக்குப் போய்ச் சேரும், கண்ணு" என்றாள்.

சீக்கிரம் வா. வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் லெட்டி