இரண்டு பிறை

மாப்ளே,

இன்று அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் பிறை பார்க்க மொட்டைமாடிக்கு ஏறினேன். நீ போன பிறகு பீரோவிலேயே கிடந்த பைனாகுலரையும் எடுத்துப் போனேன். அதன் வாரில் உன் தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. கண்ணில் வைத்தேன். மேற்கே இரண்டு பிறை தெரிந்தது.  பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்கவே பயமாக இருந்தது. வெறுங்கண்ணுக்கும் இரண்டாகத் தெரிந்துவிட்டால்?

என் மச்சான் துபாயிலிருந்து இதைக் கொண்டுவந்தபோது நாம் இருவருமே வானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். டெலஸ்கோப் வாங்கலாம் என்று குதித்தவன் நான். “அதெல்லாம் அப்புறம் பாய். வாங்கிப் பரண்ல போட்டுட்டு வீட்டுல திட்டு வாங்குவ” என்று அடக்கியவன் நீ. ஸ்ரீரங்கத்தில் உன் மாடியில் ஜமுக்காளம் விரித்தோம். கண் கூசாமலிருக்க டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாய். கை ஆடாமலிருக்க முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டோம். வியாழனுக்குப் பக்கத்தில் அதன் நிலாக்கள் பொட்டுப் பொட்டாகத் தெரிந்த அன்று நீ போட்ட கூச்சலில், திருடன் என்று கீழ்வீட்டுக்காரர் கட்டையோடு ஏறி வந்தார்.

பிறகு ஒரு சாயங்காலம், “வியாழன் ரெண்டா தெரியுது பாய். எங்கயோ விழுந்து உள்ள கண்ணாடி கோணிடுச்சு போல” என்று நீட்டினாய். விலை மலிந்த பைனாகுலர் கீழே விழுந்தால் அப்படி ஆகும் என்று இருவருமே போனில் படித்திருந்தோம். நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. “உன் மூஞ்சி அகலத்துக்கு எவன்டா பைனாகுலர் செய்வான்” என்றேன். நீயும் சிரித்தாய்.

அடுத்த வாரம் என் கடைக்கு வந்தவன் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாய்.

“காவிரிப் பாலத்துல எதிர்க்க வந்த பஸ் ரெண்டா வந்துச்சு பாய்” என்றாய். “பைனாகுலர் உன் வீட்டுலதானே இருக்கு?”

 ஸ்கேன் எடுத்தார்கள், தலைக்குள் கட்டி என்றார்கள். மழைக்காலம் வருவதற்குள் நீ போய்விட்டாய். அன்றிலிருந்து அந்தப் பாலத்தில் எதிரே வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் ஒன்றுதானா என்று பார்க்கிறேன். ராத்திரி தெருவிளக்கை ஜன்னல் வழியே பார்த்த பிறகுதான் படுக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கடை, பிள்ளைகள் படிப்பு, உன் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த கோலம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. பக்கத்தில் என் மனைவி நச்சரித்தாள்.

“என்னங்க, எவ்வளவு நேரம் நீங்களே பாப்பீங்க? குடுங்க இங்க.”

கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“அய்யே, ரெண்டு பிறை தெரியுதுங்க! பசங்க எடுத்துக் கீழ போட்டுருக்குங்க.”

கண்ணைத் திறந்தேன். மேற்கே ஒரே ஒரு பிறை. அல்ஹம்துலில்லாஹ் என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை நிற்கவில்லை.

“ஒடஞ்ச பைனாகுலருக்கா இப்படி அழுவுறீங்க? வேற வாங்கிக்கலாம்” என்றாள்.

அவளிடம் என்னவென்று சொல்வேன்? அன்று நீ நீட்டியபோது எனக்கும் ரெண்டாகத் தெரிந்திருக்கக் கூடாதா, மாப்ளே?